மத்தும் மூவிழையும்

குரோம்பேட்டை! தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நோக்கி ஓடும் மின்சார வண்டியில் ஏறுவோர் நாள்தோறும் கேட்கும் பெயர், நாள்தோறும் உச்சரிக்கும் பெயர். தேவதைகளின் பெயரும் தேவர்களின் பெயரும், ஆண்ட மன்னரின் பெயரும் ஊர்தோறும் மலிந்து கிடக்கும் நாட்டில், ஓர் உலோகத்தின் பெயரைச் சூடிக்கொண்டு நிற்கிறது இவ்வூர். குரோமியத்தின் உப்பைக் கொண்டு தோல் பதனிட்ட தொழிற்சாலை ஒன்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே எழுந்தது. குரோம் லெதர் தொழிற்சாலை என்றனர். ஆலையின் பெயரே பேட்டையின் பெயராயிற்று. தலபுராணம் பாடிய புலவர் எவரும் வைத்த பெயரன்று. உழைப்பு வைத்த பெயர்.

அந்தப் பெயரைக் கைப்பிடியாகக் கொண்டு ஒரு வரலாற்றைக் கூற விரும்புகிறோம். தோல் ஆலையில் தொடங்கி, கிண்டியிலே நடந்த ஓர் அரும் ஆராய்ச்சியைக் கடந்து, நம் இரத்தக் குழாய்க்குள் வந்து சேரும் வரலாறு. கலக்கினால் எது கெடும், எது கெடாது, ஏன் கெடும் — இதுதான் அதன் அடிநாதமான கேள்வி.

கடைதல் நமக்குப் புதிதன்று. பாற்கடலையே கடைந்ததாகக் கதை படைத்தவர் வாழும் நாடன்றோ இது! மலை மத்தாம், பாம்பு கயிறாம். ஒருபுறம் தேவர், மறுபுறம் அசுரர். அமுதமும் வந்ததாம், நஞ்சும் வந்ததாம். கடைந்தபோது கடலுக்குள் என்ன நேர்ந்தது என்று மட்டும் எவரும் கேட்டதாகக் கதையில் இல்லை. ஆனால், அடுப்படியில் மத்துப் பிடித்த நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். விடியலின் குளிர்ச்சியில் கடைந்தால் வெண்ணெய் திரளும். வெயில் ஏறிவிட்டால் திரளாது, உருகி மோரோடு போகும் என்பர். பாலிலே கொழுப்பு மிகச் சிறு உருண்டைகளாய் மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையையும் மெல்லிய சவ்வொன்று போர்த்தியிருக்கிறது. மத்துச் சுழல, சவ்வு கிழிய, கொழுப்பு கொழுப்போடு கூடித் திரளுகிறது. உருண்டையின் போர்வை கிழிகிறது, சரி. அந்த உருண்டையைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சிறிதான புரத மூலக்கூறு இருக்கிறதே, அது என்னாகும்? மத்து அதையும் கிழிக்குமா?

இதற்கு விடை காண, முதலில் தோலிடம் செல்வோம்.

பழைய முறையில் தோல் பதனிட, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டியில் வாரக்கணக்கில் தோலை ஊறப்போட வேண்டும். 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் குரோம் உப்பினால் பதனிடும் முறைக்கு உரிமம் பெற்றார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் என்பவர் அதனை எளிதாக்கினார். வாரக்கணக்கு நாட்கணக்காகச் சுருங்கிற்று. அந்த முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரப் பொறியியல் பேராசிரியர். 1903 முதல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அவர் சோதனைகளை நடத்தினார். எதற்காக? சீமாட்டிகளின் கைப்பைக்காகவா? இல்லை — கவலை இறைக்கும் உழவனின் தோல் சாலுக்காக! ஓயாமல் நீரில் நனையும் சால் விரைவில் அழுகிப் போயிற்று. குரோம் தோலோ நீரைத் தாங்கிற்று.

சர்க்காரே தொழில் நடத்துவதைக் கண்டு, இங்கிருந்த வெள்ளை வணிகர் வெகுண்டனர். 1910இல், இலண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மோர்லி பிரபு, சர்க்கார் பணத்தில் ஆலை நடத்தலாகாது என்று ஆணையிட்டுவிட்டார். நாட்டார் தொழில் கற்க வழி திறந்த கதவு, வணிகரின் கூச்சல் கேட்டு மூடப்பட்டது. ஆனால், கற்ற கை கற்றதுதானே! தனியார் ஆலைகள் எழுந்தன. குரோம்பேட்டையும் பல்லாவரமும் தோலுக்குப் பெயர் பெற்றன.

இனி, அந்த ஆலைக்குள் நுழைவோம். உள்ளே உருண்டுகொண்டிருப்பது டிரம் — ஆள் உயரத்துக்கும் மேலான மரப் பீப்பாய். அதன் உட்சுவரில் முளைகள். தோலும் மருந்து நீரும் ஒன்றாகக் கிடக்க, டிரம் சுழலும். முளைகள் தோலை மேலே தூக்கும். தோல் தொப்பென்று நீரில் விழும். மீண்டும் தூக்கும், மீண்டும் விழும். பிசைந்து பிசைந்து மருந்தை உள்ளே செலுத்தும் வேலையைச் சுழற்சி செய்கிறது. தோல் ஆலைத் தொழிலாளி இதிலே ஒரு நுட்பம் அறிவான். சுண்ணாம்பில் ஊறி உப்பிய தோலை மெல்லச் சுழற்ற வேண்டும். வேகம் கூடினால் மேற்பரப்பு தேய்ந்து, தளர்ந்து, விலை போகாத சரக்காகிவிடும். பதனிடும் கட்டத்தில் சற்று வேகம் கூட்டலாம். சுழற்சியின் உராய்வால் நீர் சூடேறும். பச்சைத் தோலுக்குச் சூடு ஆகாது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசைத் தாண்டினால் ஈரத்தோல் சுருண்டு குறுகிவிடும். நன்கு பதனிட்ட குரோம் தோலோ கொதிநீரையும் தாங்கும். ஆகவேதான், ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பர். சுருங்காவிட்டால் வேலை முடிந்தது என்பர். ஏட்டில் படித்துப் பெற்ற ஞானமா இது? கையும் கண்ணும் மூக்கும் கற்ற ஞானம்.

அந்தக் கைக்கு இந்நாடு சூட்டிய பட்டம் என்ன? தீண்டத்தகாத கை! தோலை உரித்தவன் தெருவுக்கு வெளியே. தோலைப் பதனிட்டவன் சேரியிலே. அதே தோலைப் போர்த்திய மத்தளமோ சன்னதிக்குள்ளே! முழக்கம் வேண்டும், முழவு செய்தவன் வேண்டாம் — இதற்குச் சாத்திரம் சான்று. தோல் என்றால் தீட்டு என்றவரின் உடம்பைப் போர்த்தியிருந்தது எது என்று கேட்டால், அவர் என்ன கூறியிருப்பாரோ! நாம் விஞ்ஞானத்தைக் கேட்போம். தோலின் உறுதிக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரதம். மாட்டின் தோலில் அதுதான். ஆட்டுக்காலின் தசைநாணில் அதுதான். ஓதுகிறவரின் தோலிலும் எலும்பிலும் அதுதான். ஒதுக்கப்பட்டவரின் தோலிலும் எலும்பிலும் அதேதான். வருணத்துக்கு ஒரு கொலாஜன் என்று எந்த ஆய்வுக்கூடமும் கண்டதில்லை.

இந்தக் கொலாஜனின் உருவம் எப்படிப்பட்டது என்ற புதிர் அவிழ்ந்த இடம் எது தெரியுமா? கேம்பிரிட்ஜ் அன்று, பாரிஸ் அன்று — குரோம்பேட்டையிலிருந்து வண்டியேறினால் சில நிலையங்கள் கடந்து வரும் கிண்டி!

ஜி. என். இராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். அப்போது வயது முப்பது. துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அவருக்குத் துறையை ஒப்படைத்தார். சென்னைக்கு வந்திருந்த பெர்னால் என்ற ஆங்கில விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் சரிவரத் தெரியவில்லையே என்று கூறினார். அருகிலேயே, 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. புதிரும் பொருளும் பக்கத்துப் பக்கத்தில்! இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணை ஊடுகதிர் முன் நிறுத்திப் படம் எடுத்தனர். 1954இல் 'நேச்சர்' இதழில் அவர்கள் கண்ட விடை வெளிவந்தது: கொலாஜன், மூன்று இழைகள் சேர்ந்த கயிறு. அடுத்த ஆண்டு அதனைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கொண்டிருக்கின்றன என்றனர். அதே 1955இல் ரிச்சும் கிரிக்கும் உட்பிணைப்புகள் சிலவற்றைப் பற்றி மறுப்புக் கூறினர். மறுப்பு வந்தது கண்டு இராமச்சந்திரன் முகம் சுளித்து ஒதுங்கிவிடவில்லை. அணுவும் அணுவும் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே கணக்கிட முனைந்தார். 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடம், உலகில் புரத அமைப்பைப் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் இன்றும் கையாளும் வரைபடம்.

கயிறு திரிப்போரைப் பார்த்திருப்பீர்கள். புரியை ஒரு பக்கம் முறுக்குவர். புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவர். அதனால்தான் கயிறு பிரிவதில்லை. கொலாஜனிலும் அவ்வாறே, ஒவ்வோர் இழையும் இடப்பக்கமாகச் சுருள, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக் கொள்கின்றன. ஓர் இழையில் ஏறத்தாழ 1,000 அமினோ அமிலங்கள். அவற்றுள் மூன்றுக்கு ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. கயிற்றின் நடுவே வேறெதற்கும் இடமில்லை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு, நானோமீட்டர். கொலாஜன் மூலக்கூற்றின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை. 100 அடி நீளத்துக்கு அரை அடி தடிமன் என்ற கணக்கு. மூலக்கூறுகளின் உலகில் இது நெடும் கழி. நெடியது என்பதை நினைவில் வையுங்கள். கதையின் உயிர்நாடி அங்கேதான்.

இந்தக் கழியைச் சூட்டினால் முறுக்கு அவிழ்ந்து மூன்று இழைகளும் பிரிந்துவிடும். ஆட்டுக்கால் சூப்பு ஆறியதும் கூழ்போல் உறைகிறதல்லவா, அது அவிழ்ந்த கொலாஜனின் வேலை. சூடேற்றாமல், ஆட்டி அசைத்தே உடைக்க முடியுமா? 1958இல் நிஷிஹாரா, பால் டோட்டி என்ற இருவர் கரைத்து வைத்த கொலாஜன்மீது செவிக்கு எட்டாத மிகைஒலியைச் செலுத்தினர். ஒலி பாய்ந்ததும் நீரில் நுண்குமிழிகள் தோன்றி, பருத்து, படாரென நொறுங்கின. நொறுங்கிய இடத்தை நோக்கி நீர் பாய்ந்தது. பாய்ந்த நீர் கழிகளைப் பற்றி இழுத்தது. கழிகள் குறுந்துண்டுகளாயின. வியப்பு என்னவெனில், துண்டுகளின் மூவிழை முறுக்கு அப்படியே இருந்தது! சூடு முறுக்கை அவிழ்க்கும். நீரின் இழுப்பு கயிற்றை அறுக்கும். இரண்டும் இருவேறு அழிவுகள்.

ஏன் அறுகிறது? கலங்கும் நீர் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஓர் அடுக்கு விரைய, அடுத்த அடுக்கு பின்தங்கும். நெடிய மூலக்கூற்றின் ஒரு முனை விரையும் அடுக்கிலும், மறுமுனை பின்தங்கும் அடுக்கிலும் அகப்பட்டுக் கொண்டால், இழுபறிதான். பொங்கல் விழாவிலே கயிறு இழுக்கும் போட்டி நடக்கிறதே, அங்கே இருபுறத்து ஆட்களின் வலிமையும் ஒன்று சேர்வது கயிற்றின் நடுவில். மூலக்கூறும் பெரும்பாலும் நடுவிலேயே அறுகிறது. நீளம் இரு மடங்கானால் நடுவில் விழும் இழுப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகையால், குட்டையானது பிழைக்கும், நெட்டையானது முறியும்.

நெட்டையானவற்றுள் நெட்டை டி.என்.ஏ. பாரம்பரியத்தின் ஏடு அது. 1952இல் ஹெர்ஷி, சேஸ் இருவரும், பாக்டீரியாவைத் தாக்கும் நச்சுயிரியைக் கொண்டு அதனை மெய்ப்பித்தபோது கையாண்ட கருவி, சமையலறையில் பழச்சாறு அடிக்கும் மின்கலக்கி. நம் வீட்டு மிக்சிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்! ஒட்டியிருந்த நச்சுயிரிக் கூடுகளைப் பாக்டீரியாவிலிருந்து பிய்த்தெடுக்க அது உதவிற்று. ஆனால் கலக்கலும் உறிஞ்சலும் டி.என்.ஏ.வையே முறிக்கின்றன என்ற உண்மை தெளிவுபடப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின. குறுகிய குழாயில் உறிஞ்சி வெளியே விடுவதே போதும், மூலக்கூறு துண்டாகிவிடும் என்று 1959இல் பீட்டர் டேவிசன் காட்டினார். 1960இல் ஹெர்ஷியும் பர்கியும், கலக்கும் வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் டி.என்.ஏ. பாதி பாதியாவதையும், வேகத்தை மேலும் ஏற்றினால்தான் பாதி கால் ஆவதையும் கண்டனர்.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதுவரை அறிஞர்கள் டி.என்.ஏ.வின் எடையை அளந்து அளந்து எழுதி வைத்திருந்தனர். அளந்தது எதை? தம் கையாலேயே துண்டாக்கிய துண்டுகளை! உடைத்துவிட்டு, உடைந்ததன் நீளத்தை இயற்கையின் நீளம் என்று நம்பினர். 1961இல் ஜான் கெய்ர்ன்ஸ், அசைக்காமல் அலுங்காமல் டி2 நச்சுயிரியின் டி.என்.ஏ.வைப் பரப்பிப் படமெடுத்தபோது, அதன் முழு நீளம் தெரிந்தது: 52 மைக்ரோமீட்டர். ஓர் அங்குலத் தடிமனுள்ள கயிறு 2,000 அடிக்கும் மேல் நீண்டால் எப்படியோ அப்படி! 1963இல் குடல் பாக்டீரியாவின் டி.என்.ஏ. ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று மேல் என்று காட்டினார். தவற்றை மறைக்க எவரும் உரை எழுதவில்லை, பாஷ்யம் செய்யவில்லை. பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதினர்.

முறியும் என்று தெரிந்தபின், முறிப்பதையே வேலைக்கு வைத்துக் கொண்டனர். நெடிய டி.என்.ஏ.வை வேண்டுமென்றே சிதறடித்து, துண்டு துண்டாகப் படித்து, துண்டுகளின் ஓரங்களைப் பொருத்தி முழு ஏட்டையும் மீட்டனர். 1995இல் ஒரு பாக்டீரியாவின் முழு மரபேடும், 2001இல் மனித மரபேட்டின் முதல் வரைவும் வெளிவந்ததில் இந்த உடைக்கும் கலைக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் கலக்கினாலே புரதமெல்லாம் கெட்டுவிடும் என்று முடிவு கட்டிவிடலாமா? அப்படித்தான் பலர் கட்டினர். 1970இல் சார்ம், வோங் இருவரும், பாயும் நீரின் சறுக்கு விசையால் நொதிகள் செயலிழக்கின்றன என்று எழுதினர். ஆலைகளில் நொதி தயாரிப்போர் அஞ்சினர். கலக்கியின் வேகத்தைக் குறைத்தனர். கேட்பதற்கு நம்பத்தக்க கருத்து. நம்பத்தக்கது என்பதாலேயே அது மெய்யாகிவிடுமா? 1979இல் இலண்டனில் தாமஸ், டன்னில் ஆகியோர் காற்றுக்கு இடமின்றி மூடிய கலத்தில் நொதிகளை வேகமாகச் சுழற்றிப் பார்த்தனர். நொதி அவ்வளவாகக் கெடவில்லை! கெடுத்தது சுழற்சியன்று, சுழற்சியோடு கலந்த காற்று. நுரையின் ஒவ்வொரு குமிழியும் நீருக்குப் புதிய மேற்பரப்பைத் தருகிறது. புரதத்தின் உள்ளே நீரை வெறுத்து மறைந்திருக்கும் பகுதி, காற்றைக் கண்டதும் வெளியே விரிகிறது. விரிந்தவை ஒன்றோடொன்று பின்னிக் கொள்கின்றன. ஆம்லெட்டுக்கு முட்டை வெள்ளையை அடிக்கும்போது நுரை நிமிர்ந்து நிற்கிறதே, அது இதுதான். 2006இல் ஜாஸ்பே, ஹேகன் இருவரும், சைட்டோகுரோம் என்ற சிறு புரதத்தை, சறுக்கு வீதம் நொடிக்கு 2 லட்சம் அளவுக்கு உயர்த்தியும் அவிழ்க்க முடியவில்லை. கோடி அளவு வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டனர். மத்து அந்த வேகத்தைக் கனவிலும் காணாது. பாட்டியின் மோர்ப் பானையில் புரதம் பத்திரம்!

இங்கே ஒரு வார்த்தை. நம் தோழர்கள் மூடநம்பிக்கை என்றதும் பேயையும் பிசாசையும், தாயத்தையும் தகட்டையும் மட்டுமே எண்ணுகின்றனர். விஞ்ஞானக் கூடத்திலும் சோதிக்காத நம்பிக்கை நுழைந்து நாற்காலி போட்டு உட்காரும். 1970க்கும் 1979க்கும் இடையே அது உட்கார்ந்திருந்தது. எழுப்பிவிட்டது ஒரு மூடி. காற்றை வெளியேற்றிய மூடி!

ஆனால், நம் உடம்பிலேயே ஒரு புரதம் உண்டு, நீரின் இழுப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பது. 1926இல் பின்லாந்தின் எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவர், ஒரு குடும்பத்தில் தலைமுறையாக வந்த குருதிப்போக்கு நோயை விவரித்தார். அவர்களிடம் குறைந்திருந்த புரதம் அவர் பெயராலேயே வழங்குகிறது. கண்ணி கண்ணியாகக் கோத்த மிக நீண்ட சங்கிலி அது. அமைதியாக ஓடும் இரத்தத்தில் பந்துபோல் சுருண்டு கிடக்கும். குழாய் கிழிந்து, குருதி குறுகிய வாயில் விரைந்து பாயும்போது, பந்து அவிழ்ந்து நூலாகும். நூல் இரத்தத் தட்டுகளைப் பிடித்து ஓட்டையை அடைக்கும். சறுக்கு வீதம் நொடிக்குச் சுமார் 5,000ஐத் தாண்டும்போது இது அவிழ்கிறது என்று 2007இல் கண்டனர். மற்றப் புரதம் கோடி கேட்க, இது சில ஆயிரத்தில் அவிழ்கிறதே, காரணம்? மீண்டும் அதே விடை — நீளம்!

அவிழ்வதிலே ஆபத்தும் உண்டு. அவிழ்ந்த நூலை வெட்டிவிட இரத்தத்திலேயே ஒரு நொதி இருக்கிறது. கட்டி அளவுமீறி வளராதிருக்க அது காவல். இதயத்தின் பெருந்தமனி வால்வு சுண்ணம் படிந்து குறுகிவிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் அந்த இடுக்கில் பீறிடும். சங்கிலிகள் ஓயாது அவிழும். காவலன் ஓயாது வெட்டுவான். நீண்ட சங்கிலியே அற்றுப்போகும். விளைவு, குடலிலே இரத்தக் கசிவு. வால்வு குறுகிய முதியோர்க்குக் குடலில் இரத்தம் கசிவதை 1958இல் எட்வர்ட் ஹைட் என்ற மருத்துவர் சில வரிக் கடிதமாக எழுதினார். இதயத்துக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்று மருத்துவ உலகம் பல்லாண்டு விழித்தது. வால்வை மாற்றினால் குடல் கசிவு நிற்கிறது! இன்று தளர்ந்த இதயத்துக்குத் துணையாகப் பொருத்தும் சுழல் எந்திரங்களிலும் இதே தொல்லை. விசிறி சுழல்கிறது, உயிர் காக்கிறது. அதே சுழற்சி சங்கிலியை நறுக்கி, குருதிப்போக்கையும் கொண்டுவருகிறது. அதற்கென விசிறியின் வடிவத்தையும் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கின்றனர் பொறியாளர்கள். சுண்ணாம்புத் தோலுக்கு டிரம்மை மெல்லச் சுழற்று என்று தோல் ஆலைத் தொழிலாளி மேற்பார்வையாளரிடம் வாதாடுவது போன்றதே அது.

தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கிற்கு இன்று மூவிழைச் சுருளின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். நல்லது. பல்லாவரத்தின் நிலத்தடி நீரோ குரோம் ஆலைக் கழிவால் கெட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பின்னர்தான் வந்தது. அரங்கில் கைதட்டியவரும், கலங்கிய கிணற்று நீரைக் குடித்தவரும் ஒரே இரயில் பாதையின் மக்கள். இவ்வரலாற்றை எழுதுவோர் இரண்டாமவரை விட்டுவிடுவது வழக்கமாகி வருகிறது, நாம் விடுவதாயில்லை.

வீட்டுக்கு உதவும் செய்தி ஒன்று மிச்சம் இருக்கிறது. நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்வோர் இல்லாத தெரு தாம்பரத்தில் ஏது? இன்சுலினும் புரதமே. குட்டையான மூலக்கூறு, நீரின் இழுப்பு அதை அறுக்காது. ஆனால், புட்டியை ஓங்கிக் குலுக்கினால் நுரை எழும், காற்றின் ஓரத்தில் மூலக்கூறுகள் விரிந்து நாராய்ப் பின்னிக்கொள்ளும், மருந்து வலுவிழக்கும். ஆகவேதான், கலங்கலாக இருக்கும் இன்சுலின் வகையைக் குலுக்கக் கூடாது. புட்டியை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். எழுத்தறியாத அம்மாவுக்கு ஊசி போட்டுவிடும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். உருட்டு என்று சொல்வதோடு நில்லாமல், ஏன் உருட்ட வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வருகிறோம்.